யாருக்காவது உடம்பு சரியில்லையா?

எங்கள் தெருவில் எனக்கு 'கை கழுவுற டீச்சர்' என்று பெயர். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தால், பக்கத்துக் கடைப் பூக்காரம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "பாருங்க மேடம், சோப்பு போட்டு கழுவிக்கினேன்" என்பாள். "நகத்தைக் காட்டு" என்பேன். உடனே கைகள் மடிந்துகொள்ளும். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலேயே சொல்வார்கள். நான் பார்க்கிற வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களிடம் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கும், ஆகப்போகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். சாப்பாடு ருசியாக இருப்பது மாஸ்டர் பாடு. அதைத் தின்றவன் மறுநாள் நல்லபடியாக எழுந்து வேலைக்குப் போவது சூப்பர்வைசர் பாடு. பெங்களூரில் பெரிய ஆபீஸ் கேண்டீன்களில் இந்த வேலையைப் பல வருஷம் பார்த்தேன். விடிவதற்கு முன்னால் ரயில் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற பிழைப்பு. எங்கள் சுரங்க ஊரான தங்கவயலில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. முட்டி தேய்ந்த பிறகு ரயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நந்திதுர்க் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். ஆராதனை முடிந்து, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டால் அது வகுப்பறை.

சொல்லிக்கொடுப்பதில் முக்கால்வாசி அடுப்பைச் சுற்றித்தான். வெப்பமானியின் கம்பியை அண்டாவின் ஓரத்தில் குத்தி உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே, நடுவில் குத்து. கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை சூட்டை அறுபது டிகிரிக்குக் கீழே இறங்க விடாதே. பச்சைக் கறி வெட்டின பலகையில் வெள்ளரிக்காயை வைக்காதே. இதையெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். முதல் வகுப்பில் வெப்பமானியைப் பார்த்து, "இன்னா மேடம், கொழம்புக்கு ஜொரமா?" என்று நக்கலடித்த ஒரு ஆள், கொஞ்ச நாளில் அதைப் பேனா மாதிரிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

நான் தலைகீழாக நின்றாலும் சொல்லிக்கொடுக்க முடியாமல் போனது ஒரே ஒரு விஷயம். காலையில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், சூப்பர்வைசர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லையா? வாந்தி, பேதி, காய்ச்சல், கையில் புண், ஏதாவது உண்டா? உண்டு என்பவரை அன்றைக்குச் சமையல் பக்கமே விடக்கூடாது. எத்தனை வெப்பமானி வைத்திருந்தாலும் சரி, வயிறு கெட்ட ஒரு ஆள் கை வைத்தால் அத்தனையும் வீண். வகுப்பில் ஒத்திகைக்காக நான் கேட்பேன். "இல்ல மேடம்" என்று ஞானப்பாட்டுப் பல்லவி மாதிரி ஒரே குரலில் பதில் வரும். ஒருமுறை கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்த ஆளே கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "இல்ல மேடம்" பாடினார்.

எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தப் பொய் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். எங்கள் ஊரில் எப்படி இருக்கிறாய் என்று யாரைக் கேட்டாலும் "நல்லாகீறேன்" என்பதுதான் பதில். படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் அதையே சொல்வார். என் அப்பா வீங்கின முட்டியைச் சுற்றித் துணியைக் கட்டி, மேலே கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுரங்க ஷிப்ட்டுக்குப் போனவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஆழத்து லெவலுக்கு இறங்குகிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் மேலேயே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அப்படி ஒரு சட்டம் இருந்ததோ இல்லையோ, சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாய் மட்டும் இன்னும் திறக்கவில்லை. பெங்களூரில் மால்களுக்கும் கேண்டீன்களுக்கும் போகிற பிள்ளைகள் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவதை நான் தினம் பார்த்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பதை ஒட்டின வயது. பெங்களூரில் பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, காய் நறுக்கி, பரிமாறி, மெல்ல மெல்ல மேலே வந்தவள். வகுப்பில் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். பின் வரிசையில் உட்கார்ந்து பாதி நேரம் தூங்குவாள். வாரம் முழுக்க ரயிலில் போய் வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு என்ன வரும். "ஏம்மா, தலகாணி கொண்டாரட்டுமா?" என்று நான் கேட்டபோதுகூட, "வேணாம் அக்கா, செவுரே போதும்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன்.

பெங்களூர் காண்ட்ராக்டர் ஒருவர் பங்காருப்பேட்டை ரோட்டில் புதிதாக ஒரு சமையல்கூடம் திறக்க இருந்தார். சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு அங்கிருந்து போகும். அதற்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். இவளைச் சொல்லியிருந்தேன். இவளுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அம்மா தனி. கண் மங்கிக்கொண்டே வருகிறது. மகள் ரயில் ஏறிப் போன பிறகு, அந்த அம்மா அடுப்பைத் தடவித் தடவிப் பற்றவைக்கிறாள். உள்ளூரிலேயே வேலை என்றால், மகள் மதியம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ரயிலை விட்டுவிடலாம்.

"வாயால சொன்னா போதாது மேடம். ஒரு கல்யாணச் சமையல அவங்க நடத்தட்டும், நான் வந்து கண்ணால பார்க்கறேன். சரியா இருந்தா அடுத்து வர்ற திங்கக்கிழமையே சேரட்டும்" என்றார் காண்ட்ராக்டர். கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். அவரும் நானும் உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. நான் பயிற்சியாளர் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அது ஒரு சர்ச் கல்யாணம். காலையில் சர்ச்சில் திருமணம், மதியம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மண்டபத்தில் பிரியாணி. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. அதை ஒட்டி ஆள் உயரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதில் ஒரு இரும்பு கேட். குளிர்காலம். எங்கள் ஊர்க் குளிரில் அண்டாவைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். நானும் காண்ட்ராக்டரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவள் தலைக்குத் தொப்பி போட்டு, ஏப்ரன் கட்டி வந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. பயம் என்று நினைத்து, தைரியமாக இரு என்று கண்ணாலேயே சொன்னேன்.

ஆட்கள் கொஞ்சம் முன்பே வந்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கியாயிற்று, கொத்தமல்லி புதினா ஆய்ந்து வைத்தாயிற்று, அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கறி மட்டும் ஐஸ் பெட்டிகளில் மூடினபடியே இருந்தது. அவள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள். பிரியாணி மாஸ்டர் முதலில். அவர் பின்னால் உதவியாளர்கள், காய் நறுக்குகிற பெண்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள்.

"யாருக்குன்னா ஒடம்பு சரியில்லயா? வாந்தி, பேதி?"

"இல்ல" என்றது வரிசை.

"யோசிச்சு சொல்லுங்க."

"இல்லம்மா. நல்லாதான்கீறோம்" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது முறையும் கேட்டாள். காண்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் எரிச்சலாக இருந்தது. ஒருமுறை கேட்டால் போதாதா, நேரம் ஓடுகிறதே என்று மனசுக்குள் மார்க்கைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்தக் குளிரில் மாஸ்டருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. வெங்காயம் நறுக்குகிற பெண் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவள் ஒருமுறை காண்ட்ராக்டர் பக்கம் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல. விடியறதுக்கு முன்னாலருந்து வாந்தி. பேதியும் கீது. ஆட்டோவ நிறுத்தி வழியிலயும் எடுத்தேன்."

மாஸ்டரைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"நேத்து வளைகாப்பு வேலய முடிச்சிட்டு, எல்லாரும் ஒரே அண்டாலருந்துதான கறிக்கொழம்பு எடுத்துக்கினு போனோம்? நான் தின்னதத்தான் நீங்களும் தின்னீங்க. எனக்கு வந்தது உங்களுக்கு வராமயா போவும்? இப்ப சொல்லுங்க."

இந்தக் குழம்புச் சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். விசேஷ வீட்டில் கடைசிப் பந்தி முடிந்ததும், அண்டாவில் மீந்தது சமைத்தவர்களுக்குச் சேரும். அதற்குப் பங்கு என்று பெயர். எங்கள் ஊரில் சமையலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அன்று ராத்திரி உலை வைக்க மாட்டார்கள், பங்கு வரும் என்று பிள்ளைகள் காத்திருக்கும். முந்தின நாள் வளைகாப்பிலும் இவள்தான் பொறுப்பு. விருந்தாளிகள் எழுந்திருக்கும்வரை குழம்பில் வெப்பமானியை விட்டு எடுக்கவில்லை என்று பிறகு சொன்னாள், நான் நம்புகிறேன். அவர்கள் எழுந்த பிறகு அடுப்பை அணைத்தார்கள். பாத்திரமெல்லாம் கழுவி முடிக்கும்வரை அண்டா அப்படியே ஓரத்தில் கிடந்தது. வெதுவெதுவென்று இருக்கிற குழம்புதான் கிருமிக்குக் கல்யாண விருந்து. அப்புறம் முகர்ந்து பார்த்தார்கள், நன்றாக இருந்தது, பங்கு போட்டார்கள். விருந்தாளிக்கு வெப்பமானி, நமக்கு மூக்கு. அத்தனை வகுப்பு எடுத்தேன், சமைக்கிறவன் தின்னும் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை நானும் பேசியதில்லை, எவனும் கேட்டதில்லை.

காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார், பேச்சும் பாதி கன்னடத்துக்குப் போய்விட்டது. "ஏனம்மா இது? இன்னிக்குப் பார்த்தா?"

அவள் திரும்பவில்லை. மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் ஆறடி ஆள். இரண்டு பேர் தூக்கும் அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குகிறவர். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சொன்னா நாள் கூலி போயிடும்மா."

"போனா எனக்குந்தான் போவுது" என்றாள்.

மாஸ்டர் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தார். "எனக்கும் ராத்திரிலருந்துதாம்மா" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எனக்கும், எனக்கும் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார்கள். வெங்காயம் நறுக்கிய பெண் சொல்லும்போதே அழுதுவிட்டாள். கடைசியில் வரிசையில் மிஞ்சியது இரண்டு பேர். ஒரு அம்மா கோயிலுக்கு மாலை போட்டுச் சிவப்புப் புடவை கட்டியிருந்ததால் அந்தக் கறிக்குழம்பைத் தின்னவில்லை. இன்னொரு ஆள் முந்தின நாள் வேலைக்கே வரவில்லை.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. மூடி மறைப்பதையே மானமாக நினைக்கிற ஊரில் பிறந்தவள் நான். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று வேலை நடக்கிற இடத்தில், வேலை கொடுக்கிறவர் முன்னால் ஒருத்தி சொல்லி என் வாழ்நாளில் கேட்டதில்லை. அதுவும் இப்படி ஒரு நாளில். பேசக் கூடாது என்ற விதியே அன்றைக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

காண்ட்ராக்டருக்குச் சிலிர்ப்பெல்லாம் இல்லை. "மண்டபம் நிறைய ஜனம் வரப்போகுது. நீ மாஸ்டரையே வீட்டுக்கு அனுப்பறே. சமைக்கறது யாரு?"

"பாக்கறேன் சார். மொதல்ல நான் வெளிய போறேன்" என்றாள். தொப்பியைக் கழற்றினாள், ஏப்ரனைக் கழற்றினாள், கேட்டைத் திறந்துகொண்டு போயேவிட்டாள். முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். வேலையும் போயிற்று, கல்யாணமும் போயிற்று.

சற்று நேரத்தில் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. அந்தப் பக்கம் ஏதோ கல்லின் மேல் ஏறி நின்றிருந்தாள். காதில் போன். என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா பண்றே? நேத்து ராத்திரி இன்னா சாப்ட்டே? வயிறு நல்லாகீதா? பொய் சொன்னா கொன்னுடுவேன். ஒடனே வா." முதலில் அந்தக் கேள்வி, அப்புறம்தான் அழைப்பு. நடுவில் வளைகாப்பு வீட்டுக்கும் பேசினாள். "மிச்சம் இருந்தா கொட்டிடுங்க அண்ணி, நாய்க்கும் வெக்காதீங்க." அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், ஒரு கணம் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

பிறகு தொடங்கினாள் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சமையலறையை நடத்தினாள். நறுக்கி வைத்த வெங்காயம், வெள்ளரி, கொத்தமல்லி அத்தனையும் குப்பைக்குப் போயின. ஊறிய அரிசியும் போயிற்று. சிவப்புப் புடவை அம்மா, "ஐயோ, அரிசியுமா?" என்று கேட்டாள். "கை பட்டது எல்லாம்" என்றாள் இவள். புது அரிசியும் காயும் கடைத்தெருவிலிருந்து வந்தன. கத்தி, பலகை, கரண்டி எல்லாம் கொதிக்கிற வெந்நீரில் இறங்கின. தண்ணீர்க் குழாயின் திருகைக்கூட விடவில்லை. கழிப்பறைப் பக்கம் பிளீச்சிங் பவுடர் போகச் சொன்னாள். ஐஸ் பெட்டிகளை யாரும் திறக்கவில்லை என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான், கறியை எடுக்கலாம் என்றாள்.

ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் என் மாணவர்கள் வந்து இறங்கினார்கள். ஹாஸ்டலில் சமைக்கிற ஒருவர் அண்டாவைப் பிடித்துக்கொண்டார். குழம்புக்கு ஜுரமா என்று நக்கலடித்த ஆளும் வந்தார், சட்டைப் பையில் வெப்பமானி இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு வாளியும் சோப்பும் வைக்கச் சொல்லி, கழுவின கையைத் தள்ளி நின்றே தூக்கிக் காட்டினால்தான் உள்ளே விட்டாள். நகத்தையும் பார்த்தாள். என் சொத்தையே எடுத்து என் கண்முன் செலவழிக்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குப் போ என்று அனுப்பின ஆட்களோ போகவில்லை. வெளியே சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். தன் அண்டாவில் வேறொருவன் கை வைப்பதை மாஸ்டரால் தாங்க முடியவில்லை. "உப்பு பாத்தியாப்பா? தயிரு இப்பவே ஊத்தாத!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். இடையிடையே குரல் நின்றால், அவர் எங்கே ஓடியிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் அம்மா ஒரு சொம்பில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரோடு ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். மகள் விடியற்காலையில் வாந்தி எடுத்தது அவளுக்குத் தெரியும். அந்த அம்மாவின் கணவர் சுரங்கத்தில் கடைசிவரை உள்ளே இறங்கியவர், சுரங்கத்தை மூடின கொஞ்ச காலத்திலேயே, உள்ளே தின்ற தூசியால் வந்த நெஞ்சு நோவில் போய்விட்டார். சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்த அந்த அம்மா, "ஏண்டி செவுத்து மேல நின்னுக்கினு கூவறே? உள்ள போயி வேலய பாரு" என்றாள். "வேலதாம்மா பாக்கறேன்" என்றாள் மகள். சொம்பை வாங்கி, தானும் குடித்து, மாஸ்டருக்கும் தனி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றைக்குப் போதகர் பிரசங்கத்தை நீட்டினார். அதற்காக வாழ்நாளில் முதல் முறையாகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பேண்டு வாத்தியத்தோடு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது, தம் உடைக்கத் தயாராக இருந்தது. சிவப்புப் புடவை அம்மா வெப்பமானியைக் குத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"எம்பத்தி ரெண்டு!"

"ஓரத்துலயா, நடுவுலயா?"

"நடுவுலதான்!"

"இன்னொரு எடத்துல குத்துங்க!"

நான் பல பெரிய சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன். எஃகு மேஜைகள், சுவரெல்லாம் சட்டம் போட்டு மாட்டிய விதிகள், கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர். அவற்றில் எதுவும் அன்றைக்கு அந்தத் தகரக் கொட்டகை நடந்த மாதிரி நடந்ததில்லை. நடத்துகிறவள் உள்ளே இல்லை. உள்ளே இல்லாததால்தான் அது அவ்வளவு சுத்தமாக இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன் என்றால் மிகையில்லை.

முதல் பந்தி உட்கார்ந்த பிறகு, காண்ட்ராக்டர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், எனக்குப் பெங்களூர்ல எத்தனையோ கிச்சன். எல்லா கிச்சன்லயும் தினம் காலையில இந்தக் கேள்வியக் கேக்கறாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூட ஆமாம்னு சொன்னதில்ல. என் ஆளுங்க எல்லாம் நல்ல ஆரோக்கியம்னு நெனச்சு சந்தோஷமா இருந்துட்டேன்." சிரித்தார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுந்து கேட்டை நோக்கிப் போனார். அவர் கோபத்தில் போகிறாரா என்று புரியாமல் நானும் பின்னாலேயே போனேன்.

அவள் கல்லை விட்டு இறங்கி, அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் இருந்ததெல்லாம் வடிந்துபோன மாதிரி இருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டி, தள்ளியே நின்றார்.

"திங்கக்கிழமை நீ வர வேணாம்" என்றார்.

அவள் தலை குனிந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முன்னால் போனேன். அதற்குள் அந்த அம்மா தடுமாறி எழுந்து, குரல் வந்த திசையில் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"ஐயா, அவளுக்கு ஒண்ணியும் இல்லய்யா. நல்லாகீறா. சொம்மா சூடு புடிச்சிக்கினுது, அவ்ளோதான். இப்பவே உள்ள போயி வேல பாப்பா பாருங்க. நல்லாகீறாய்யா!"

காண்ட்ராக்டர் திகைத்துப்போனார். "இல்லம்மா, நீங்க கேளுங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "வாந்தி நின்னு முழுசா ரெண்டு நாள் ஆகணும். அதுக்கு முன்னாடி என் கிச்சனுக்குள்ள நீ கால் வெக்கக் கூடாது. ஆனப்புறம் வா. சாவி உன்கிட்டதான் இருக்கப்போகுது. இன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னவங்களுக்கும் நாள் கூலி உண்டுன்னு நான் பேசிக்கறேன்" என்றார். "ஹுஷாரா இரு, ஒடம்பப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா கூப்பிய கையை இறக்கவே இல்லை. "வேல போச்சா?" என்றாள்.

"போவலம்மா. குடுத்துட்டாரு. ஒடம்பு தேறினதும் வரச் சொல்றாரு."

"சரியில்லன்னு நீ சொல்லிட்டியே?"

"சொன்னேன்."

"சொல்லியும் வேல கீதா?"

"கீதும்மா."

அவள் மெல்லக் கையை இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மகள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, யார் மேலும் கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்ப ஒங்க நைனா எதுக்குடி அத்தினி வருசம் இருமல முழுங்கிக்கினே கெடந்தாரு?"